லைட் எரியுது பாஸ்!

பைக்குக்கு வெளிச்சம் கூட்டுறது வேற... எதிர்ல வர்றவங்க கண்ணுக்கு நம்மளைக் காட்டுறது வேற! இந்த வித்தியாசத்தை வீட்டு வாசல்ல நின்னு கத்துக்கிட்ட கதை இது.

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்.

வருஷம் 2017. நான் ஸ்கூல் பையன். பக்கத்து வீட்டு அண்ணன் புது பைக் எடுத்திருந்தார். ஒரு ரவுண்டு போலாம்னு என்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டார். பட்டப்பகல், மண்டையைப் பொளக்கிற வெயில். எதிர்ல வந்த டீக்கடை அண்ணன், சைக்கிள் தாத்தா, பஸ் டிரைவர்னு அத்தனை பேரும் கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் விரிச்சு விரிச்சு மூடிக் காட்டினாங்க. 'ஏ தம்பி, லைட் எரியுது, அணை!'னு அர்த்தம். அண்ணன் பாவம், அணைக்க சுவிட்ச்சைத் தேடுறார்... தேடுறார்... அப்படி ஒண்ணு இருந்தாத்தானே!

காரணம், 2017 ஏப்ரல் 1-ம் தேதியில இருந்து இந்தியாவுல தயாராகிற எல்லா புது டூ வீலருக்கும் 'ஆட்டோமேட்டிக் ஹெட்லைட் ஆன்' கட்டாயம். இன்ஜின் ஓடுனா ஹெட்லைட்டும் எரியும். பகலா இருந்தாலும் சரி, ராத்திரியா இருந்தாலும் சரி. பெட்ரோல் பங்க்ல, கல்யாண வீட்டுல எல்லாம் அப்போ இதே பேச்சுதான். 'பகல்ல லைட் போட்டா பாதை தெரியுமா? பேட்டரிக்குத்தான் கேடு!'

நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த லைட் நாம பாதையைப் பார்க்கிறதுக்கு இல்ல, நம்மளை மத்தவங்க பார்க்கிறதுக்குங்கிற சிம்பிள் மேட்டர் எனக்குப் புரிய, எங்க அப்பா ரோட்டுல விழ வேண்டியிருந்துச்சு.

'சத்தியமா பாக்கலண்ணே!'

எங்க வீடு ராஜபாளையம். காலேஜ், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி. நடுவுல ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோடு. அதுதான் நம்ம கதையோட லொகேஷன். ஒரு முனையில ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவா கடைகளும். இன்னொரு முனையில பஞ்சாலைகள். மேற்குப் பக்கம் கூடவே துணைக்கு வர்ற மலை. திருமங்கலத்துல ஆரம்பிச்சு தென்காசி, செங்கோட்டை வழியா கொல்லம் வரைக்கும் போற தேசிய நெடுஞ்சாலை 744-தான் இது. அதனால கேரளா போற லோடு லாரி, டவுன் பஸ், காலேஜ் வேன், பால் கேன் கட்டின மொபெட், ஆட்டு மந்தை எல்லாத்துக்கும் ஒரே ரோடு.

அப்பாவுக்கு மில்லுல ஷிஃப்ட் வேலை. வண்டி, ரொம்ப வருஷமா வீட்டுல ஒருத்தரா இருக்கிற ஒரு பழைய மொபெட். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்கழி மாசம். சாயங்காலம் அஞ்சேகால் இருக்கும். அப்பா ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமா போயிட்டிருக்கார். எதிர்ல ஒரு கார். வலது பக்கம் ஒரு கிளை ரோட்டுல திரும்பணும். நிக்குது. டிரைவர் எதிர்ல பார்க்கிறார். திருப்புறார். நேரா அப்பாவோட குறுக்கே!

அப்பா பிரேக் அடிச்சு, வண்டி சறுக்கி, கார் கதவுல மோதி விழுந்தார். தோள்பட்டைக் காரை எலும்பு முறிவு. ஒண்ணரை மாசம் கையைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தார். ஒண்ணரை மாசச் சம்பளமும் போச்சு.

இதுல ஒரு விஷயத்தை நான் சொல்லியே ஆகணும். அந்த டிரைவர் குடிச்சிருக்கல. போன் பேசல. வேகமாவும் வரல. ஓடியும் போகல. அவரே அப்பாவைத் தூக்கி உட்கார வெச்சு, அதே கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தார். நான் போய் நின்னப்போ கை நடுங்கிட்டே திரும்பத் திரும்ப ஒரே வார்த்தைதான் சொன்னார். "சத்தியமா பாக்கலண்ணே... பார்த்துட்டுத்தான் திருப்பினேன். சத்தியமா நீங்க வந்ததைப் பாக்கல."

எனக்கு அப்போ செம கோபம். 'அம்மாம் பெரிய ரோட்டுல, ஒரு முழு மனுஷன் வண்டியில வர்றது எப்படிங்க தெரியாமப் போகும்?'

கண்ணு செய்யுற கண்ணாமூச்சி

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு காலேஜ் லைப்ரரில உட்கார்ந்தேன் ஃப்ரெண்ட்ஸ். (அரியர் பேப்பருக்குக்கூட நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்ல!) அப்போதான் தெரிஞ்சது, அந்த டிரைவர் பொய் சொல்லல.

அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் அலசினது அவரோட டீம். 1981-ல வந்த அந்த ரிப்போர்ட் சொல்றது இதுதான். பைக்கும் இன்னொரு வண்டியும் மோதின கேஸ்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாம குறுக்கே வந்ததால நடந்தது. அவங்கள்ல பல பேர் சொன்னது, அதே 'பைக்கைப் பாக்கலை' டயலாக்!

ஏன் இப்படி? மூணு காரணம் சொல்றேன், கேளுங்க.

முதல் காரணம், சைஸ். முன்னாடி இருந்து பார்த்தா ஒரு காரோட அகலத்துல பைக் பாதிகூட இருக்காது. சின்னதா தெரியுற பொருள் தூரத்துல இருக்குன்னு மூளை முடிவு கட்டிடும். 'இன்னும் டைம் இருக்கு, திருப்பிடலாம்'னு டிரைவர் நினைக்கிறது இதனாலதான்.

ரெண்டாவது காரணம், அசையாத அசைவு. ஹாஸ்டல் வராண்டால ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஃப்ரெண்டை உங்க குறுக்கே நடக்கச் சொல்லுங்க, கடைக்கண்லயே தெரிஞ்சிடும். இப்போ வராண்டாக் கடைசியில இருந்து நேரா உங்களைப் பார்த்து வரச் சொல்லுங்க. ரொம்பக் கிட்ட வர்ற வரைக்கும் அவர் நகர்ற மாதிரியே இருக்காது. நேரா வர்ற பைக்கும் இப்படித்தான், ஒரே இடத்துல ஒட்டி வெச்ச புள்ளி மாதிரி இருக்கும். பக்கத்துல வந்ததும் திடீர்னு 'பொம்'னு பெருசாகும். அதுக்குள்ள கார் பாதி திரும்பியிருக்கும். 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். 'அய்யோ'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மேட்டர் ஓவர்!

மூணாவது காரணம், பின்னணி. இதுதான் நம்ம ஊர் ஸ்பெஷல். மேப்பை எடுத்துப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வடகிழக்குல இருக்கு, ராஜபாளையம் தென்மேற்குல. டிசம்பர் மாசம் சூரியனும் தென்மேற்கு ஓரமாத்தான் இறங்கும். அதாவது மார்கழி சாயங்காலத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் வர்றவங்களுக்குச் சூரியன் அநேகமா நேரா மூஞ்சிக்கு எதிர்ல, மலைக்கு மேல நிக்கும். எதிர்ல வர்ற மொபெட், வெளிச்சத்துக்கு முன்னாடி ஒரு கறுப்பு நிழல், அவ்வளவுதான். அதுலயும் அப்பா கறுப்பு ஹெல்மெட், சாம்பல் கலர் சட்டை. லைட் போடல. 'வெளிச்சம் இருக்கும்போது எதுக்குய்யா லைட்டு?' பழைய வண்டி, சுவிட்ச் அவர் கையில!

லைட் போட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்குமான்னு இப்போ யோசிக்கிறேன். நான் எலெக்ட்ரிகல் ஸ்டூடன்ட். அந்த மாதிரி பழைய மொபெட்ல ஹெட்லைட்டுக்குக் கரன்ட் பேட்டரியில இருந்து வராது, இன்ஜின்ல இருக்கிற மேக்னெட் காயில்ல இருந்து நேரா வரும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினா பளிச், விட்டா மினுக் மினுக். ஜங்ஷன் வந்தா நாம என்ன பண்ணுவோம்? ஆக்ஸிலேட்டரை விடுவோம். அதாவது, நம்மளை மத்தவங்க பார்த்தே ஆகணும்கிற அந்த இடத்துலதான் லைட் படுத்துடும்!

விளக்கைப் போட்டு ஒளிஞ்ச விமானம்

ஒரு சுவாரஸ்ய மேட்டர். ரெண்டாம் உலகப்போர் சமயம், 1943. நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கப் போற அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கு ஒரு தலைவலி. வெளிச்சமான வானத்துல விமானம் கறுப்புப் புள்ளியா தூரத்துலயே தெரிஞ்சிடும், கப்பல் தண்ணிக்குள்ள போயிடும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, விமானத்தோட முன்பக்கம் வரிசையா விளக்கு மாட்டினாங்க. வானத்தோட பிரகாசமும் விளக்கோட பிரகாசமும் ஒண்ணாகிட, விமானம் வானத்துல கரைஞ்சு போச்சு! சுமார் 19 கிலோமீட்டர் தூரத்துல தெரிஞ்ச விமானம், விளக்கு போட்டதும் 3 கிலோமீட்டர் கிட்ட வந்த பிறகுதான் தெரிஞ்சது. இந்தத் திட்டத்துக்குப் பேர் 'யெஹூதி'.

நமக்கு என்ன பாடம்? விளக்கு மாட்டினா மட்டும் போதாது. பின்னணியில இருந்து பிரிச்சுக் காட்டணும். இல்லைன்னா விளக்கே மறைச்சுடும்!

நான் பண்ண ஹீரோ வேலை

ஆனா இதெல்லாம் பொறுமையாப் படிச்சது பிற்பாடுதான். ஆஸ்பத்திரில இருந்து வந்த சூட்டுல நான் பண்ணது சுத்த ஹீரோ வேலை. மதுரைக்கு பஸ் ஏறிப் போய், ரெண்டு எல்.இ.டி. ஃபோகஸ் லைட் வாங்கிட்டு வந்தேன். பாக்கெட் மணி மொத்தமும் காலி. என்னோட செகண்ட் ஹேண்ட் பைக்குல ஹேண்டில்பாருக்குக் கீழ ரெண்டு பக்கமும் மாட்டி, வயரிங்கும் நானே பண்ணேன். போட்டா தெருவே கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு! ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "மச்சி, செம மாஸ்!"னு கை தட்டினாங்க.

அப்பாவுக்குக் கை சரியாகி டியூட்டிக்குக் கிளம்பின முதல் நாள், "இனிமே மொபெட் வேணாம்ப்பா, இதை எடுத்துட்டுப் போங்க. எவன் கண்ணுலயும் படாமப் போகாது"னு பெருமையா சாவியை நீட்டினேன்.

மறுநாள் அதிகாலையில வந்தார். முகமே சரியில்லை. வண்டியை நிறுத்திட்டுப் பேசாம திண்ணையில உட்கார்ந்தார். "என்னப்பா?"ன்னேன்.

"வர்ற வழியில சைக்கிள்ல ஒரு பெரியவர் எதிர்ல வந்தாருய்யா. பின்னாடி காய்கறி மூட்டை. உன் லைட்டு மூஞ்சில அடிச்சதும் கையால கண்ணை மறைச்சாரு. அப்படியே ரோட்டை விட்டு இறங்கி வேலிக்கருவைக்குள்ள விழுந்துட்டாரு. தூக்கி விட்டேன். கையெல்லாம் முள்ளு. 'கண்ணே தெரியலய்யா'ன்னாரு."

கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார். "அன்னைக்கு அந்தக் கார்க்காரன் சொன்ன அதே வார்த்தைய்யா. என்னைப் பாக்கணும்னு நீ லைட்டு போட்ட. இப்போ என்னைத் தவிர அவருக்கு எதுவுமே தெரியல."

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல ஃப்ரெண்ட்ஸ். அந்தப் பேச்சு என்னமோ பண்ணிடுச்சு. அன்னைக்கே ஸ்பேனரை எடுத்து ரெண்டு ஃபோகஸையும் கழட்டினேன்.

நம்ம பசங்க பைக்குல பாதிக்கு மேல இப்போ இந்த லைட் இருக்கு. 'எனக்கு ரோடு நல்லாத் தெரியுது'ங்கிறது அவங்க வாதம். உண்மைதான். ஆனா எதிர்ல வர்றவர் கண்ணு கூசிட்டா, அது பழைய நிலைக்கு வரப் பல செகண்ட் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகம். அந்த செகண்டுகள்ல அவர் குருட்டாம்போக்குலதான் வண்டியை ஓட்டுறார். அதுவும் உங்களைப் பார்த்து!

ஒத்தக்கண்ணு லாரியும் மூணு புள்ளியும்

அப்போ எக்ஸ்ட்ரா லைட்டே வேணாமா? அங்கதான் ட்விஸ்ட். வேணும், ஆனா பிரகாசத்துக்காக இல்ல. உருவத்துக்காக!

ராத்திரி நேரம். எதிர்ல தூரத்துல ஒரே ஒரு லைட் வருது. அது பைக்கா? இல்ல, ஒரு பல்பு ஃபியூஸ் போன 'ஒத்தக்கண்ணு' லாரியா? நம்ம ரோட்டுல ஓட்டுற எல்லாரும் ஒரு தடவையாவது இதுல ஏமாந்திருப்போம். எவ்வளவு வேகத்துல வருதுன்னு கண்டுபிடிக்கிறது அதைவிடக் கஷ்டம். கார்னா ரெண்டு லைட், கிட்ட வர வர ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி விரியும். அது விரியுற வேகத்தை வெச்சுத்தான் நம்ம மூளை கணக்குப் போடுது. ஒத்தைப் புள்ளிக்கு விரிய என்ன இருக்கு?

2012-ல இங்கிலாந்துல, லண்டன் பல்கலைக்கழகத்தோட ராயல் ஹாலோவே கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. இருட்டுல ஒத்தை ஹெட்லைட்டோட வர்ற பைக்கோட வேகத்தை மக்கள் ரொம்பத் தப்பா கணிச்சாங்க. அதே பைக்குக்கு மெயின் லைட்டோட கூட ரெண்டு சின்ன விளக்கைச் சேர்த்து முக்கோணமா அமைச்சதும் கணிப்பு நல்லாவே முன்னேறிடுச்சு. மேட்டர் வாட்ஸ் இல்ல பாஸ், ஜியோமெட்ரி!

இன்னொரு விஷயம். இப்போ நிறைய கார்களும் பகல்ல வெள்ளை விளக்கோடதான் ஓடுது. நாலு வெள்ளை விளக்குக்கு நடுவுல பைக்கோட வெள்ளை விளக்கும் ஒண்ணாக் கலந்துடுது. ஃபிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ஞ்சு, பைக்குக்கு மஞ்சள் விளக்கு கொடுத்தா கூட்டத்துல தனியாத் தெரியுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. 'யெஹூதி' கதையோட உல்டா! பின்னணியில கரையாம, பிரிஞ்சு நிக்கணும்.

பகல்லயும் ஹெட்லைட் போட்டா பலன் இருக்கான்னு இன்னும் டவுட்டா? மலேசியாவுல 1992-லயே பைக்குகள் பகல்ல லைட் போடணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம மாதிரியே டூ வீலர் நிறைய உள்ள நாடு அது. அதுக்கப்புறம் ரெண்டு மாவட்டங்கள்ல கணக்குப் பார்த்தப்போ, 'பார்க்கலை' வகை விபத்துகள் சுமார் 29 சதவிகிதம் குறைஞ்சிருந்துச்சு. ஐரோப்பாவுல 2003-ல இருந்தே கம்பெனிகள் புது பைக்குகளை, தானா எரியுற ஹெட்லைட்டோட விக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாம 2017.

அம்மாதான் மீட்டர்!

ரெண்டாவது ரவுண்டு. இந்தத் தடவை முதல்ல சட்டப் புத்தகம். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-வது விதி அழகா ஒரு அளவு சொல்லுது. வண்டிக்கு முன்னாடி 8 மீட்டர் தூரத்துல, தரையில இருந்து 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணைக் கூச வைக்காத அளவுக்கு விளக்கு கீழ நோக்கி இருக்கணும்.

எங்க அம்மாவோட கண்ணு உயரத்தை டேப் வெச்சு அளந்தேன். கிட்டத்தட்ட சரியா ஒண்ணரை மீட்டர்! அப்புறம் என்ன... வாசல்ல 8 மீட்டர் அளந்து சாக்பீஸ்ல கோடு போட்டு, கோலம் போட வந்த அம்மாவை அங்க நிக்க வெச்சாச்சு.

இந்தத் தடவை வாங்கினது ரெண்டு சின்ன மஞ்சள் விளக்கு. ஒவ்வொண்ணும் 10 வாட்ஸ்குள்ள. ஹேண்டில்பார்ல மாட்டல. முன் சக்கரத்து ஃபோர்க்குல, எவ்வளவு கீழ, எவ்வளவு விலகி முடியுமோ அப்படி மாட்டினேன். மேல ஹெட்லைட், கீழ ரெண்டு. முக்கோணம் ரெடி.

"கூசுதாம்மா?"

"கூசுது."

கொஞ்சம் கீழ சாய்ச்சேன். "இப்போ?"

"வலது பக்கம் மட்டும் கூசுது."

இப்படி முக்கால் மணி நேரம். கடைசியில "இப்போ கூசல. ஆனா வண்டி நல்லாத் தெரியுது. நான் கோலம் போடலாமா?"ன்னாங்க. டெஸ்ட் பாஸ்!

மொபெட்டை மறந்துடலை. அதோட காயில், கூடுதல் விளக்கைத் தாங்காது. அதனால வேற ரூட். கண்ணாடியைச் சுத்தம் பண்ணி, பல்பை மாத்தி, பின்பக்கமும் பக்கவாட்டிலயும் ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினேன். இந்த டேப்புல பொடிப்பொடியா கண்ணாடி மணியோ பட்டகமோ பதிச்சிருக்கும். எந்தத் திசையில இருந்து வெளிச்சம் வந்துச்சோ அதே திசைக்குத் திருப்பி அனுப்பும். பின்னாடி வர்ற லாரியோட லைட், அந்த லாரி டிரைவர் கண்ணுக்கே திரும்பிப் போகும். பேட்டரி வேணாம், வயர் வேணாம், ஃபியூஸ் போகாது. கால் கிலோ பால்கோவா வாங்குற காசு, அவ்வளவுதான்!

அப்பாவோட கறுப்பு ஹெல்மெட்டுக்கும் ரிட்டயர்மென்ட். இப்போ வெள்ளை. எங்க ஊர் நாய் ஏன் ஃபேமஸ்? ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால் தலையே வெளியிட்டாங்க. தூய வெள்ளை நிறம். மசமசன்னு இருட்டுற நேரத்துல தெருவுல முதல்ல கண்ணுல படுறது அதுதான்! நியூஸிலாந்தோட ஆக்லாந்துல நடந்து, 2004-ல வெளியான ஆய்வும் இதையே சொல்லுது. கறுப்பு ஹெல்மெட் போட்டவங்களைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவங்களுக்கு விபத்துல காயப்படுற ஆபத்து 24 சதவிகிதம் குறைவு. பளிச் நிறத்துல, ஒளியைத் திருப்புற மேல்சட்டை போட்டவங்களுக்கு 37 சதவிகிதம் குறைவு. பகல்ல ஹெட்லைட் போட்டவங்களுக்கு 27 சதவிகிதம் குறைவு.

நீங்களும் மாட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

* முதல்ல இருக்கிறதைச் சரி பண்ணுங்க. ஹெட்லைட் கண்ணாடியைத் துடைங்க. பிரேக்கை அழுத்தி, பின் விளக்கு எரியுதான்னு ஃப்ரெண்டை விட்டுப் பாருங்க. ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா!

* கணக்குப் போடுங்க. 10 வாட்ஸ் விளக்கு ரெண்டுன்னா, 12 வோல்ட்டுக்கு சுமார் 1.7 ஆம்பியர். இதுக்கு மேல போகப் போக உங்க வண்டி தாங்குமான்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட கேளுங்க. ரிலேவும் ஃபியூஸும் இல்லாம வயரிங் பண்ணவே பண்ணாதீங்க.

* விளக்கை இண்டிகேட்டருக்குப் பக்கத்துல மாட்டாதீங்க. இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாமப் போயிடும்.

* விட்டு விட்டு மின்னுற விளக்கு வேணாம். முன்பக்கம் சிவப்பு வேணவே வேணாம். முன்னாடி சிவப்பு வந்தா, வண்டி போகுதா வருதான்னே எதிர்ல இருக்கிறவருக்குக் குழம்பிடும். விதியும் அதைத் தடுக்குது.

* வண்டியோட அமைப்பையே மாத்துற வேலை சட்டப்படி சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. சின்னதா, கீழ சாய்ஞ்சதா, தனி சுவிட்ச்சோட இருக்கட்டும்.

* கடைசியா 8 மீட்டர், ஒண்ணரை மீட்டர் டெஸ்ட். வீட்டுல ஒரு அம்மாவோ, அக்காவோ கண்டிப்பா இருப்பாங்க!

அப்பாவோட தியரி

இவ்வளவும் பண்ணிட்டு, "இனிமே கவலையே இல்லப்பா"ன்னேன். அப்பா சிரிச்சார். "நீ எத்தனை லைட்டு போட்டாலும் சரி. திருப்பத்துல நிக்கிற வண்டியைப் பார்த்தா, அவன் நம்மளைப் பாக்கலன்னு நினைச்சுத்தான் நான் ஓட்டுவேன்."

அவர் இப்போ ஒரு டெக்னிக் வெச்சிருக்கார். எதிர்ல திரும்ப நிக்கிற காரோட டிரைவர் முகத்தைப் பார்க்கிறதில்ல, முன் சக்கரத்தைப் பார்க்கிறார். முகம் பார்க்கிற மாதிரியே இருக்கும், சக்கரம் பொய் சொல்லாது. அதோட கொஞ்சம் வேகத்தைக் குறைச்சு, தன்னோட பாதைக்குள்ளயே லேசா இடமும் வலமும் நகர்றார். ஒட்டி வெச்ச புள்ளி அசைஞ்சா கண்ணுல பட்டுடும் இல்லையா? ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் படிக்காம, காரை எலும்பு சொல்லிக்கொடுத்த பாடம்!

2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. அந்த வருஷம் நாட்டுலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இதுல எத்தனை இடத்துல 'சத்தியமா பாக்கலண்ணே' கேட்டிருக்குமோ! எங்க அப்பாவுக்குக் காரை எலும்போட போச்சு. எல்லா வீட்டுலயும் அப்படி முடியுறதில்ல.

போன வாரம் சாயங்காலம், அப்பாவைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு நான் ஓட்டிட்டுப் போனேன். சூரியன் மலைக்கு மேல நிக்குது. அதே கிளை ரோடு. அதே மாதிரி திரும்பறதுக்கு ஒரு கார். நான் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே வேகத்தைக் குறைச்சேன். சக்கரம் அசையல. கார் நின்னு எங்களுக்கு வழிவிட்டுச்சு. கடக்கும்போது அந்த டிரைவர் கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் விரிச்சு மூடிக் காட்டினார். 'தம்பி, லைட் எரியுது!'

பின்னாடி இருந்து அப்பா அவருக்குக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டார். லைட் எரியுதுன்னு சொல்றார்னா, நம்மளைப் பார்த்துட்டார்னுதானே அர்த்தம்!

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... யாராவது கையைக் காட்டினா அணைக்கத் தேடாதீங்க. சிரிச்சுட்டுப் போயிட்டே இருங்க!